ஐந்தாவது படிக்காரர்

சமரச மையத்துக்குப் போகும் மாடிப்படி, டயர் கடைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அகலத்தில் இருந்தது. சண்டை போட்டுக்கொண்டு வருகிற இரண்டு பேர் அதில் சேர்ந்தாற்போல ஏற முடியாது.

"நீ முன்னாடி போ" என்றார் கணவர்.

"பரவால்ல, நீங்க போங்க" என்றாள் அவள்.

பார்க்கிறவர்களுக்கு, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே பழகிய தம்பதி என்று தோன்றியிருக்கும். அதெல்லாம் ஒன்றுமில்லை. யார் முதுகை யார் பார்த்துக்கொண்டு ஏறுவது என்பதுதான் தகராறு.

அதற்குள் கடை வாசலில் டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க மேனேஜர் சார்! என்ன, இன்னிக்கு லேட்டு?" என்றார்.

கணவர் செவிடர் மாதிரி விறுவிறுவென்று படியேறிவிட்டார்.

அவள் ஒரு நொடி நின்றாள். அவளுக்குத் தொழில் பல். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்து திருப்பி அனுப்புவாள். அந்த நகரத்துப் பெரிய மனிதர்களில் பாதிப் பேரின் சிரிப்பு அவள் மேஜையில் பிறந்தது. அதனால் யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். டயர்க்கடைக்காரருக்கு மேல் வரிசையில் கோரைப்பல் ஒன்று இல்லை. அந்த ஓட்டை பளிச்சென்று தெரிய, கூச்சமே இல்லாமல் சிரித்தார். தன் கணவரைப் பார்த்து இவ்வளவு உரிமையோடு சிரிக்கிற ஒரு வாய் உலகத்தில் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று படியேறினாள். மேலே போய்க்கொண்டிருந்த முதுகில் சட்டை கசங்காமல் இருந்தது. அவள்தான் இஸ்திரி போட்டது.

மாடி முழுக்க ஒரே ஹால். முன்பு நடனப் பள்ளியாக இருந்த இடமாம். ஒரு பக்கச் சுவர் மொத்தமும் கண்ணாடி. அதன் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு மரக்கம்பி. கால் தூக்கிப் போட்டுப் பழகிய கம்பியில் இப்போது குடைகளும் கைப்பைகளும் தொங்கின. கண்ணாடியைக் கழற்ற மையத்திடம் காசில்லை என்று சொன்னார்கள். காசு இருந்தாலும் கழற்றியிருக்க மாட்டார்கள் என்று அவளுக்குப் பிறகு தோன்றியது. கத்தும்போது தன் வாய் எப்படிக் கோணுகிறது என்று ஒருவர் தானே பார்க்க நேர்ந்தால், பாதிக் கத்தல் தொண்டையிலேயே அடங்கிவிடும்.

மையத்தை நடத்துகிற அம்மாள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் விசில் தொங்கியது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் விசிலம்மாதான். நேரில் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்வதில்லை.

"உக்காருங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா ஊதுவேன்" என்றார். "முப்பது வருஷம் நடுவரா நின்னு பழக்கம். அப்போ பந்தைப் பார்த்தேன், இப்போ உங்களைப் பார்க்கிறேன். பந்து எவ்வளவோ மேல்."

மூன்று கோப்பைகளில் டீ வந்தது. அவரே போட்டு அவரே கொண்டுவந்தார். பிறகு சுவரில் இருந்த பலகையைக் கையால் காட்டினார்.

இந்த மையத்தைக் கண்டுபிடித்தது கணவர்தான். வீட்டை விற்றே தீருவேன் என்று அவரும், விற்க விடமாட்டேன் என்று அவளும் இரண்டு மாதமாக மல்லுக்கு நின்று, கடைசியில் "அப்போ பிரிஞ்சிடலாம்" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. மறுநாள் அவர்தான் சொன்னார்: "வக்கீல்கிட்ட போனா வீட்டோட சேர்த்து நம்மளையும் வித்துத் தின்னுடுவான். ஒரு சமரச மையம் இருக்கு. வருமானத்துக்குத் தக்க கட்டணம்னு வெளியில போர்டு போட்டிருக்கான்." மெத்தைக் கம்பெனியில் விற்பனை மேனேஜர், ஊரையே மெத்தையில் தூங்கவைத்தவர், டயர் கடை மாடியில் இருக்கிற போர்டை எப்போது படித்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவளுக்குக் கொஞ்ச நாளாகவே நல்ல பயிற்சி.

பலகையில் கட்டணம் ஐந்து படிகளாக எழுதியிருந்தது. ஐந்தாவது படிக்காரர்கள் கட்டுவது வக்கீல் கேட்பதைவிடக் குறைவுதான் என்றாலும் கையைக் கடிக்கும். கீழே வர வரக் குறைந்து, முதல் படிக்கு எதிரே இப்படி இருந்தது: 'வருமானமே இல்லாதவர்கள்: கட்டணம் இல்லை. அன்றைய கோப்பைகளைக் கழுவ வேண்டும்.'

"தருமம்னு யாரும் நினைச்சுடக் கூடாது பாருங்க" என்றார் விசிலம்மா. "கையில இல்லாதவங்களும் ஏதோ ஒண்ணு செலுத்திட்டுப் போனாத்தான் நிமிர்ந்து உக்காந்து பேசுவாங்க. சரி, உங்க படியை நீங்களே சொல்லுங்க. சம்பளச் சீட்டு, வரி ரசீது எதுவும் வேண்டாம்."

கணவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அதை உங்ககிட்ட தனியா..."

"தனியாவா? அது கிடையாது சார். ஆரம்பத்துல சீட்டெல்லாம் கேட்டுப் பார்த்தோம். நிறைய இருக்கிறவங்க, இல்லவே இல்லைன்னு கத்தை கத்தையா அத்தாட்சி கொண்டுவந்தாங்க. நிஜமாவே இல்லாதவங்ககிட்ட, இல்லைங்கிறதைக் காட்டக்கூட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தூக்கிப் போட்டுட்டேன். இப்போ ஒரே சட்டம்தான். உங்க படியை நீங்க சொல்லணும், எதிராளி ஒத்துக்கணும்."

"எதிராளியா?"

"ஆமா. உங்க வருமானம் பெத்த தாய்க்குத் தெரியாம இருக்கலாம், பேங்குக்குத் தெரியாம இருக்கலாம். உங்களோட சண்டை போடறவங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

அந்தச் சட்டத்தால் நடந்த கூத்துகளை விசிலம்மா சுருக்கமாகச் சொன்னார். தான் முதல் படிதான் என்று அழாத குறையாகச் சொன்ன ஒருவரின் மோதிரங்களை, அவருடைய கொழுந்தியாள் விரல் விரலாகச் சொல்லி, எந்த விரலுக்கு எந்த வருஷம் வந்தது என்பதுவரை ஒப்பித்தாளாம். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவர் படியை ஒருவர் ஏற்றிவிட்டுக்கொண்டே சாயங்காலம்வரை சண்டை போட்டுவிட்டு, வந்த வழக்கு என்னவென்று மறந்து ஒரே ஆட்டோவில் திரும்பிப் போனார்களாம். "பாதி வழக்கு இந்தப் பலகையைத் தாண்டறதே இல்லை" என்றார்.

கணவர் டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த முடிச்சும் காலையில் அவள் போட்டதுதான்.

"முதல்ல நீங்க சொல்லுங்கம்மா."

"மூணாவது படி" என்றாள் அவள்.

"மூணா?" கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், ரெண்டு போடுங்க. இவ ஏதோ வீட்ல உக்காந்து பல்லு செய்வா. பொழுதுபோக்கு மாதிரி."

"பொழுதுபோக்கா? போன மாசம் எத்தனை செட்டு போச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ரெண்டு மூணு இருக்குமா?"

"பல்லுல சொல்றீங்களா, வாயில சொல்றீங்களா? நீங்க தினம் தாண்டிப் போற அட்டைப் பெட்டி எல்லாம் என்னன்னு நினைச்சீங்க, காலிப் பெட்டியா? ஆறு டாக்டருங்க எங்கிட்டதான் அனுப்பறாங்க."

"கட்டணத்தைக் குறைக்கச் சொல்லித்தானேடி பேசறேன்? உனக்கு நல்லதுதான் செய்யறேன்!"

"அந்த நல்லது எனக்கு வேண்டாம். நான் மூணுதான். ஒத்துக்குங்க."

விசில் ஊதியது. கண்ணாடிக்குள் இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். அதிகமாகக் கட்டுவதற்காகச் சண்டை போடுகிற பெண்ணை விசிலம்மா இதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். கணவர் தோளைக் குலுக்கி, "மூணாம்! சரி, ஒத்துக்கறேன்" என்றார். ஆனால் அவர் கண் அவள் கைகளுக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"நீங்க சார்?"

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் தெரிந்த டை கட்டிய ஆளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"அஞ்சு" என்றார்.

விசிலம்மா அவள் பக்கம் திரும்பினார். "எதிராளி என்ன சொல்றீங்க?"

எதிராளிக்குத் தெரியும். கணவருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது என்று அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது, அது அவளுக்குத் தெரியும் என்பதுதான். ஒரு டாக்டரின் கிளினிக்கில் பல் செட் பொருந்துகிறதா என்று பார்க்கப் போனபோது, மெத்தைக் கம்பெனியின் வயதான காசாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் செய்த புதுப் பற்களைப் போட்டுக்கொண்டு, அந்த வாயால் அவர் பேசிய முதல் வாக்கியமே, "உங்க வீட்டுக்காரரை அனுப்பினதுக்கப்புறம் ஆபீஸே களையிழந்து போச்சும்மா" என்பது. பொய்ப் பல் வழியாக வந்த உண்மை. உச்சரிப்பு மட்டும் சுத்தமாக இருந்தது. அவள் வேலையில் குறை சொல்ல முடியாது.

முதல் வாரம், அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவர் காலையில் டை கட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் வந்து, முதலாளி மொட்டை அன்று என்ன அட்டகாசம் செய்தான் என்று சொன்னார். பதினைந்து வருஷமாகச் சொல்கிற மொட்டைக் கதைகள்தான். ஆனால் வேலை இருந்தவரை அவை வெறும் புலம்பலாக இருந்தன. வேலை போன பிறகுதான் மொட்டைக்கு உயிர் வந்தது. மொட்டை புது மெத்தையைச் சோதிக்கப் படுத்துத் தூங்கிவிட்டதால் ஆபீஸே மூச்சு விடாமல் வேலை பார்த்தது. மொட்டை தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வந்த நாளில் கூட்டத்தில் யாரும் கணக்கைப் பார்க்காமல் தலையையே பார்த்தார்கள். விடுதியில் படிக்கிற மகள் போனில் இந்தக் கதைகளைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிப்பாள். அவளும் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று சிரித்திருக்கிறாள். நேற்று ராத்திரிகூட மொட்டை லிஃப்டில் மாட்டிக்கொண்டான். கதை பாதியில் இருக்கும்போதுதான் வீட்டை விற்கிற பேச்சு குறுக்கே வந்து, தட்டு ஒன்று உடைந்தது.

ஏன் கேட்கவில்லை? இரக்கம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. முதல் இரண்டு வாரத்துக்கு அது இரக்கமாகத்தான் இருந்திருக்கும். பிறகு அது வேறு ஒன்றாக மாறிவிட்டது. அவள் கண்ணில் அவர் மண்ணைத் தூவப் பார்க்கிறார். அந்த மண் தன் கண்ணில் விழவே இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அதில் ஒரு ருசி இருந்தது. தினமும் காலையில் அந்த ருசியோடுதான் டை முடிச்சை இறுக்கினாள்.

இப்போது ஒன்று சொன்னால் போதும். "அஞ்சு இல்லை, ஒண்ணு." கண்ணாடி முன்னால், ஒரு விளையாட்டு டீச்சரின் சாட்சியோடு, மனிதர் பொலபொலவென்று உதிர்ந்துவிடுவார். சொல்லாமல் விட்டால்? ஐந்தாவது படிக்காரர் வீட்டை விற்க வேண்டும் என்று எப்படிக் கேட்பார்? எதற்காக என்று கேட்டால் என்ன சொல்வார்? அவளுக்கு வேண்டியது பின்னறை. அது கையில் வந்து விழப்போகிறது. தலையை ஆட்டினால் போதும்.

கண்ணாடிக்குள் ஒரு பெண் தலையை ஆட்டினாள்.

"ஒத்துக்கறேன்" என்றாள்.

கணவர் மூச்சை விட்டார். அந்தச் சத்தம் டயரில் காற்று இறங்குகிற மாதிரி இருந்தது.

பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. விசிலம்மா அவளிடம், வீட்டை விற்றால் என்ன நஷ்டம் என்று கேட்டார். அவள் பின்னறையைப் பற்றிச் சொன்னாள். நேர் வெயில் விழாத பெரிய ஜன்னல். பல்லுக்கு நிறம் பார்க்க அந்த வெளிச்சம்தான் வேண்டும். "டியூப் லைட்ல பார்த்தா எல்லாப் பல்லும் ஒரே வெள்ளையாத் தெரியும். போட்டுக்கிட்டுத் தெருவுல இறங்கினாத்தான் ஒரு பல்லு மட்டும் தனியா மஞ்சளா நிக்கும். வேற வீட்ல அந்த மாதிரி ஜன்னல் தேடி நான் எங்கே போறது?"

"சார், நீங்க ஏன் விக்கணும்கிறீங்க?"

கணவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். இரண்டு மாதமாக வித்தே தீரணும் என்று வீடு அதிரக் கத்தியவரின் குரலே இல்லை அது. "விக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்லை மேடம். முதலீட்டுக்காகச் சொன்னேன். அவளுக்கு அந்த ரூம் வேணும்னா வச்சுக்கட்டும். வீடே அவளுக்குத்தான். லோனையும் நானே கட்டிடறேன். நான் வேற சின்ன இடமாப் பார்த்துக்கிறேன்."

"லோன் முழுசுமா?"

"இந்த வருஷம் போனஸ் நல்லா வரும்னு எங்க முதலாளி சொல்லியிருக்கார்."

மொட்டையே போனஸ் தருகிறான்! அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. விசிலம்மா முகம் மலர எழுதிக்கொண்டே போனார். சின்ன இடம் என்று சொன்ன மனிதருக்கு அதன் முன்பணமும் லோன் தவணையும் எங்கிருந்தும் வரப்போவதில்லை என்று அந்த ஹாலில் ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. அந்த ஒருவர் கையில்தான் பேனா இருந்தது.

கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அப்படியும் அவளுக்குத் தன் தொழில்தான் ஞாபகம் வந்தது. பல் இல்லாதவர்களிடம் "கடிங்க" என்றால், நன்றாகக் கடித்துக் காட்ட வேண்டும் என்கிற ஆசையில் தாடையை முன்னுக்குத் தள்ளிக் கடிப்பார்கள். அந்த அளவை நம்பிச் செய்த செட் மேஜையில் அழகாக இருக்கும். வாயில் போட்டு ஒரு வாய் மெல்ல முடியாது. அதனால்தான் அனுபவப்பட்ட டாக்டர்கள் கடிக்கச் சொல்வதில்லை. நாக்கை மடித்து அண்ணத்தில் வைத்து எச்சிலை விழுங்கச் சொல்வார்கள். அப்போதுதான் தாடை தன் நிஜ இடத்துக்கு வரும். எதிரே இருந்தவரின் தாடை ஐந்து மாதமாக முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த அளவில் ஒரு வீட்டைச் செய்து வாங்கிக்கொண்டு போகிறோம், இதில் எத்தனை நாள் மெல்ல முடியும் என்று நினைத்தாள். மூன்று தவணை தவறினால் பேங்க்காரன் வருவான். அவன் ஜன்னலைப் பார்த்தா வீட்டைப் பூட்டப் போகிறான்?

"முதல் அமர்வு முடிஞ்சது. கட்டணம்?" என்று விசிலம்மா கார்டு மெஷினை நீட்டினார்.

அவள் தன் மூன்றாவது படியைக் கட்டினாள். மெஷின் ஒரு சீட்டைக் கக்கியது. கணவர் பர்ஸைத் திறந்து, ஒரு கார்டை எடுத்து, விரலிடுக்கில் ஸ்டைலாக வைத்துக் கொடுத்தார். மெஷின் யோசித்தது. பிறகு சோகமாக ஒரு சத்தம் போட்டது.

"நெட்வொர்க்" என்றார் கணவர்.

"இருக்கும், இருக்கும்." விசிலம்மா மெஷினைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய், கையை வெளியே நீட்டி, பந்து பிடிக்கிற மாதிரி நின்றார். அதே சத்தம். இன்னொரு கார்டு. அதே சத்தம். கணவர் கார்டைப் பேன்ட்டில் தேய்த்துக் கொடுத்தார். மெஷினுக்கு ஈவிரக்கமே இல்லை.

"இன்னும் ஒரு தடவை போடுங்க மேடம். வேணும்னா நான் நாளைக்குக் கொண்டுவந்து..."

அவருடைய காதுமடல் சிவந்திருந்தது. நெற்றியில் வேர்வை. ஐந்து மாதமாக அவள் ரகசியமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த காட்சி இதுதான். இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பார்த்த ராத்திரிகள் உண்டு. வந்து எதிரே நின்றபோது அதில் ருசி ஒன்றும் இல்லை. தன் வீட்டு ஆள் வேர்த்துப்போய் நிற்பதை ஓர் அந்நிய அம்மாள் பார்க்கிறார் என்பது மட்டும் சுருக்கென்றது.

"படி தப்பு" என்றாள்.

"எந்தப் படி?"

"அஞ்சு தப்பு. இவருக்கு வேலை இல்லை. தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன்."

கணவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் இருந்த அவளைப் பார்த்துத்தான் கேட்டார். "உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் வாரத்துலேர்ந்து."

"முதல் வாரத்துலேர்ந்தா? அப்போ தினம் காலையில டை கட்டி விட்டியே?"

"கட்டி விட்டேன்."

"டப்பால சாப்பாடு போட்டுக் கொடுத்தியே? 'போய்ட்டு வாங்க, மொட்டைகிட்ட வாயைக் கொடுக்காதீங்க'ன்னு வாசல்வரைக்கும் வந்து சொன்னியே?"

"சொன்னேன். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"என்னைக் குரங்காட்டம் ஆட விட்டு வேடிக்கை பார்த்திருக்கே!"

"ஆட்டமே நீங்க ஆரம்பிச்சதுதான்! நான் டிக்கெட் வாங்கிட்டு உக்காந்தேன், அவ்வளவுதான்!"

"பொண்டாட்டியாடி நீ?"

"தெரியாத மாதிரி நடிச்சதுல நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? சிரிக்கிற இடத்துல சிரிக்கணும், உச்சுக் கொட்டற இடத்துல உச்சுக் கொட்டணும்..."

விசில் ஊதியது. இருவரும் நிறுத்தவில்லை. மறுபடி ஊதியது. மூன்றாவது தடவை ஊதியபோது படியில் தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

டயர்க்கடைக்காரர் கதவில் நின்றார். கையெல்லாம் கறுப்பு. "மன்னிக்கணும். மேனேஜர் சார், அந்த வேன்காரர் வந்திருக்கார். நாலு டயரையும் மாத்தணும், ஆனா விலையைக் கேட்டுட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறார். நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசினா படிஞ்சுடுவார். டை கட்டின ஆள் சொன்னாத்தானே இவங்க நம்பறாங்க." பிறகுதான் அவளைக் கவனித்தார். ஓட்டைப் பல் தெரியச் சிரித்தார். "நீங்கதானாம்மா? டப்பாச் சாப்பாடு பிரமாதம். பாதி எனக்குத்தான்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"கீழதான்" என்றார் கணவர், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "முதல்ல சும்மாதான் வந்து உக்காந்திருந்தேன். பஞ்சர் ஒட்ட வந்தவன்கிட்ட ஒரு நாள் பேசினேன், ரெண்டு டயர் வித்துப்போச்சு. அப்புறம் விக்கிறதுல எனக்கும் கொஞ்சம் தர்றார்."

அவளுக்கு எங்கே அடி விழுந்தது என்று அவளுக்கே முதலில் புரியவில்லை. ஐந்து மாதமாக இந்த உண்மை தன் ஒருத்தியிடம்தான் இருக்கிறது என்ற மிதப்பில் இருந்தாள். அது கோரைப்பல் இல்லாத ஓர் ஆளிடம், அவள் சமைத்த சாப்பாட்டைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டு, தினமும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. இவரிடம் சொல்ல முடிந்திருக்கிறது. அவளிடம் முடியவில்லை. யாராவது "நாக்கை மடித்து விழுங்கு" என்று சொன்ன மாதிரி அவள் எச்சிலை விழுங்கினாள்.

"இவர்கிட்ட எப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். குரலில் சண்டை இல்லாததை அவளே கேட்டாள்.

"அவர் கேட்டார்" என்றார் கணவர். "முதல் நாளே. 'என்ன சார், வேலை போச்சா?'ன்னு கேட்டார். ஆமான்னுட்டேன்."

அவ்வளவுதானா? நாலே வார்த்தை. அவளிடமும் இருந்த வார்த்தைகள்தான்.

விசிலம்மா பலகையைப் பார்த்தார். "அப்போ சாருக்கு ரெண்டாவது படி. எதிராளி என்ன சொல்றீங்க?"

"ரெண்டு சரிதான் மேடம்" என்றார் டயர்க்கடைக்காரர்.

"நீங்க எதிராளி இல்லை. போய் வேன்காரரைப் பிடிச்சு வையுங்க."

"ரெண்டு" என்றாள் அவள். "ஒத்துக்கறேன்."

மெஷின் இந்த முறை முனகாமல் சீட்டைக் கக்கியது. ஆனால் விசிலம்மா விடவில்லை; பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைத் தட்டிக் காட்டினார். 'பொய்ப்படி சொன்னவர்கள், அதற்கு ஒத்து ஊதியவர்கள் இரு தரப்பும் கோப்பை கழுவ வேண்டும்.' அன்று காலையிலிருந்து வந்துபோன எல்லா வழக்குகளின் கோப்பைகளும் ஹாலின் மூலையில் தொட்டிக்குள் குவிந்து கிடந்தன.

கணவர் டையைத் தோள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கழுவினார். அவள் துடைத்தாள். அவர் கழுவிய லட்சணத்துக்கு ஒவ்வொன்றையும் அவள் மறுபடி கழுவ வேண்டியிருந்தது. முதல் இரண்டைக் கழுவினாள், பிறகு விட்டுவிட்டாள். யாரோ எதிராளி கறையோடு குடிக்கட்டும்.

"வீட்டை வித்தா கைக்குக் காசு வரும், நீ கேக்கறதுக்குள்ள எதையாவது ஆரம்பிச்சுடலாம்னு இருந்தேன்" என்றார், குழாயைப் பார்த்து. "தவணைக்குன்னு தனியா எடுத்து வச்சது இன்னும் ரெண்டு மாசம்தான் ஓடும். கையில இருந்தது அவ்வளவுதான்."

"தவணையை நான் கட்டறேன்."

"உன்னால முடியுமா?"

"மூணாவது படி" என்றாள். "ஒத்துக்கிட்டீங்க இல்ல? இன்னும் ரெண்டு டாக்டருங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. எடுத்துப்பேன்."

அவர் ஒரு கோப்பையை ரொம்ப நேரம் தேய்த்தார். "நான் வேற இடம் பார்த்துப் போறேன்னு எழுதியிருக்கு."

"எங்க போவீங்க, டயருக்குள்ளயா?" அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "முன் ரூம் இருக்கு. வாடகைக்கு இருங்க."

"வாடகைக்கா! என் வீட்லயா?"

"தவணை கட்டறது யாரோ அவங்க வீடு. இங்க மாதிரிதான். வருமானத்துக்குத் தக்க வாடகை. ஒண்ணும் வராத மாசம் பாத்திரம் கழுவுங்க. ஆனா இந்த மாதிரி இல்லை, ஒழுங்கா."

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்த மாதிரியும் இருந்தது. ஆனால் வாய் கோணிய கோணல் வேறு திசையில் போயிற்று. கண்ணாடி தூரத்தில் இருந்ததால் அவருக்கே தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது.

"எதிராளி ஒத்துக்கணுமே" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்லை."

விசிலம்மா மேஜையில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுசாக எழுதினார்: வீடு விற்பனைக்கு இல்லை, பின்னறை அவளுக்கு, தவணை அவள் பொறுப்பு, முன்னறை வாடகைக்கு. "பிரியறதா வேண்டாமாங்கிறது?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். விசிலம்மா வாய்வரை கொண்டுபோன விசிலை ஊதாமல் கீழே விட்டார்.

கீழே வேன்காரர் உரக்கப் பேரம் பேசுகிற சத்தம் வந்தது. கணவர் கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார். தோளிலிருந்து நழுவித் தொட்டித் தண்ணீரில் நனைந்த டையின் நுனி சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கை பழக்கத்தில் அந்த முடிச்சுக்குப் போயிற்று. பாதியில் நின்றது.

"நேத்து மொட்டை லிஃப்ட்ல மாட்டிக்கிட்டான்ல" என்றாள். "அப்புறம் என்ன ஆச்சு?"

கணவர் படியில் ஒருக்களித்து நின்று திரும்பிப் பார்த்தார். இதையும் கிண்டலுக்குத்தான் கேட்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினார்.

"இன்னும் யோசிக்கலை" என்றார். "சாயங்காலம் சொல்றேன்."